உஷார்! ஐரோப்பா டூரில் லண்டனை நடுவில் வைக்காதீர்கள்

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஐரோப்பா போகத் திட்டம் போடுகிறீர்களா? டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என்று ஆறேழு பேர் கிளம்பும் பயணம் பாதி வழியில் முறிந்துபோக விமானம் ரத்தாக வேண்டியதில்லை, யாருக்கும் காய்ச்சல் வர வேண்டியதில்லை. ஊர்களின் வரிசை தவறினாலே போதும்.

பல வீடுகளில் போடப்படும் திட்டம் இப்படித்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து பாரிஸ், அங்கே நான்கு நாள். பாரிஸில் ரயிலேறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் லண்டன். அங்கே சித்தப்பா வீட்டில் ஒரு வாரம். பிறகு விமானத்தில் ஜூரிச், ஸ்விஸ் மலைகள். கடைசியில் ரோம், அங்கிருந்து ஊர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரான்ஸ், ஸ்விட்சர்லாந்து, இத்தாலி மூன்றும் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகள். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. உங்களுக்குக் கிடைத்திருப்பது ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா என்றால், நீங்கள் பாரிஸை விட்டு லண்டனுக்குக் கிளம்பியதுமே அது முடிந்துவிட்டது. விசாவில் இன்னும் இருபது நாள் மிச்சம் இருக்கிறதே என்று காட்டிப் பயனில்லை. லண்டன் விமான நிலையத்திலேயே உங்களை ஜூரிச் விமானத்தில் ஏற்ற மறுத்துவிடுவார்கள். ஸ்விஸ் ஹோட்டல், ரோம் ஹோட்டல், ரயில் பாஸ், திரும்பும் டிக்கெட் எல்லாவற்றுக்கும் கட்டிய பணம் போன வழி தெரியாது.

விசா ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் முதலில் தேதியைப் பார்க்கிறோம், புகைப்படத்தைப் பார்க்கிறோம். நுழைவுகளின் எண்ணிக்கை போட்டிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். அங்கே 1 இருக்கிறதா, 2 இருக்கிறதா, 'மல்ட்' என்று இருக்கிறதா என்பதுதான் உங்கள் பயணத்தின் தலையெழுத்து. வீட்டில் ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டிலும் தனித்தனியாகப் பாருங்கள். அப்பாவுக்குப் பலமுறை நுழைவு கிடைத்ததால் அம்மாவுக்கும் அதே கிடைத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு ஒரு சலுகை வந்தது: மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டாண்டு பலமுறை நுழைவு விசா கிடைக்க வழி உண்டு. அலுவலக வேலையாகப் போய்வந்த அப்பாவுக்கு அது பொருந்தலாம். முதல்முறை விமானம் ஏறும் பாட்டிக்குப் பொருந்தாது.

இதற்கு வழி எளிது. லண்டனை முதலில் வையுங்கள், அல்லது கடைசியில் வையுங்கள். சென்னை–லண்டன், ரோம்–சென்னை என்று இறங்கும் ஊர் ஒன்றும் ஏறும் ஊர் வேறொன்றுமாக ஒரே டிக்கெட் எடுக்க முடியும். போக வர ஒரே ஊர் என்று எடுப்பதைவிடப் பெரும்பாலும் செலவு ரொம்ப அதிகம் ஆகிவிடாது. நடுவில்தான் லண்டன் போயாக வேண்டும் என்றால் பிரிட்டன் விசாவை முதலில் வாங்கிக்கொண்டு, ஷெங்கன் விண்ணப்பத்தில் இரண்டு நுழைவு வேண்டும் என்று குறிப்பிட்டு, லண்டன் போய்வரும் டிக்கெட்டையும் சேர்த்துக் கொடுங்கள். பிரிட்டன் விசாவுக்கு வழக்கமாக மூன்று வாரம் ஆகும். ஷெங்கனுக்கு 15 நாள் என்பது விதி. அவர்கள் நினைத்தால் 45 நாள் வரை நீட்டலாம். பாஸ்போர்ட் ஓரிடத்தில் சிக்கியிருக்கும்போது இன்னோரிடத்தில் கொடுக்க முடியாது. இரண்டையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள், எப்போதே தொடங்கியிருக்க வேண்டும் என்று புரியும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கனுக்கு விண்ணப்பிக்கலாம். நம் பள்ளிகள் ஜூனில் திறந்துவிடுவதால் நமக்குக் கோடை என்றால் மே மாதம்தான். அப்படியானால் பொங்கலுக்கு முன்பே வேலை தொடங்கிவிட வேண்டும். ஏப்ரலில் அப்பாயின்ட்மென்ட் தேடுகிறவர்கள்தான் புரோக்கரிடம் மாட்டுகிறார்கள்.

அந்தப் புரோக்கர்கள் விஷயத்தில் உஷார். காலியில்லாத அப்பாயின்ட்மென்டை ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு தருகிறேன் என்பார்கள். 'டம்மி டிக்கெட் போட்டுத் தருகிறேன், ஹோட்டல் புக்கிங் போட்டுத் தருகிறேன்' என்பார்கள். பொய்யான ஆவணம் என்று தெரிந்தால் மறுப்பு உறுதி. அந்த மறுப்பு ஐரோப்பிய விசா தகவல் தொகுப்பில் ஐந்து ஆண்டு வரை இருக்கும். 29 ஷெங்கன் நாடுகளில் எதில் விண்ணப்பித்தாலும் அது அதிகாரியின் கண்ணில் படும். 2024இல் மட்டும் இந்தியாவிலிருந்து போன ஷெங்கன் விண்ணப்பங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மறுக்கப்பட்டன. மறுத்தால் கட்டணம் திரும்பாது. பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45 யூரோ. குடும்பத்துக்கே மறுப்பு வந்தால் எவ்வளவு என்று கூட்டிக்கொள்ளுங்கள். எந்த நாட்டில் விசா எளிது என்று விசாரித்து அங்கே விண்ணப்பிப்பதும் ஆபத்து. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில்.

இனி பாஸ்போர்ட்டுக்கு வருவோம். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு செல்லும். பிள்ளைகளுக்கு ஐந்தே ஆண்டுதான். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அப்பா, அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று பணம் கட்டிவிடுகிறார்கள். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதம் செல்ல வேண்டும். மே 30 கிளம்பும் பிள்ளையின் பாஸ்போர்ட் ஆகஸ்ட் 15இல் முடிகிறது என்றால் விசா கிடைக்காது. அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் கேட்பார்கள். தாத்தா பாட்டியோடு பேரன் மட்டும் போகிறான் என்றால் இருவருடைய ஒப்புதலும் வேண்டும்.

நம்மவர்களுக்கென்றே இருக்கும் ஒரு தொல்லை பெயர். நம்மிடம் இருப்பது இனிஷியலும் பெயரும்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாகக் கிடக்கும். டிக்கெட் இணையதளமோ அந்த இடத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. அண்ணன் அப்பா பெயரைப் போடுவார், அண்ணி தன் பெயரையே இரண்டுமுறை போடுவார், ஏஜென்ட் இனிஷியலை ஒட்டவைப்பார். ஒரே குடும்பத்துக்குள் மூன்று விதம். டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை என்றால் கவுண்ட்டரில் நின்று கெஞ்ச வேண்டிவரும். போகிற வழியில் துபாயில் இரண்டு நாள் இறங்கிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் கவனம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். பாட்டியின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஒற்றைப் பெயராக இருந்தால் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு டிக்கெட் போடுங்கள். பாஸ்போர்ட்டையே திருத்துவதாக இருந்தால் அதற்கும் சில வாரங்கள் ஒதுக்குங்கள்.

விமானம் மாறும் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வழியாக ரோம் போனால் குடியேற்றச் சோதனை ரோமில் அல்ல, ஃபிராங்ஃபர்ட்டில். முதலில் இறங்கும் ஷெங்கன் விமான நிலையத்தில்தான் எல்லை. 2025 அக்டோபர் 12 முதல் அங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் பழக்கம் படிப்படியாகப் போய், முகத்தையும் கைரேகையையும் கணினியில் பதியும் முறை வந்திருக்கிறது. புது முறை என்பதால் வரிசை நீள்கிறது. ஒன்றரை மணி நேர இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம் என்று டிக்கெட் எடுத்தால், சக்கர நாற்காலியில் தாத்தாவையும் தூங்கும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு திண்டாடப் போகிறீர்கள். குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள்.

தாத்தா பாட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்விட்சர்லாந்து போகும் நம் குழுக்கள் தவறாமல் ஏறும் இடம் யுங்ஃப்ராவ்யோக். அந்த ரயில் நிலையத்தின் உயரம் 3,454 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர்தான். இன்டர்லாக்கனில் காலைச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பி ஓரிரு மணி நேரத்தில் அவ்வளவு உயரத்துக்குப் போய்விடுகிறோம். உடம்பு பழக அவகாசமே இல்லை. இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களை மருத்துவரிடம் கேட்காமல் அங்கே ஏற்றாதீர்கள். விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு இருக்கிறதே என்றும் நம்பிவிடாதீர்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினைகளைப் பல பாலிசிகள் ஒதுக்கிவைக்கின்றன. விசா வாங்கப் போதுமான பாலிசி வேறு, பாட்டியை அங்கே மருத்துவமனையில் சேர்த்தால் கைகொடுக்கும் பாலிசி வேறு. மலிவானதை எடுக்காதீர்கள்.

ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் வெயிலுக்கும் அஞ்ச வேண்டும். 2025 ஜூலையில் வெப்பத்தால் ஏதென்ஸ் அக்ரோபோலிஸை நண்பகலில் மூடினார்கள். பாரிஸில் ஈஃபில் கோபுரத்தின் உச்சிக்கு ஆட்களை ஏற்றுவதை நிறுத்தினார்கள். சென்னை வெயிலைப் பார்த்த நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். அங்கே பழைய கட்டடங்களில் உள்ள பல ஹோட்டல் அறைகளில் ஏசி கிடையாது, மின்விசிறியும் கிடையாது. அறை எடுக்கும்போதே கேளுங்கள்.

பெட்டியிலும் உஷார். லண்டன் சித்தப்பாவுக்கு என்று பாசமாகக் கட்டும் மாம்பழமும் கறிவேப்பிலையும் பாரிஸில் இறங்கும்போதே பறிபோகும். தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அவை போக முடியாது. பழ ஈ இருந்ததற்காக 2014இல் இந்திய மாம்பழ இறக்குமதியையே சில மாதம் நிறுத்தியவர்கள் அவர்கள். நெய்யும் கூடாது.

அங்கே கார் எடுத்து ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று: ஃப்ளாரன்ஸ், ரோம் போன்ற இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் வெளியார் வண்டி நுழையக் கூடாது. கேமரா படம் எடுத்துவிடும். ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து அபராதம் வீட்டுக்கு வரும், ஒரே தெருவில் இரண்டுமுறை நுழைந்தால் இரண்டு அபராதம்.

ஆகவே இன்றிரவே பீரோவைத் திறந்து வீட்டில் உள்ள எல்லா பாஸ்போர்ட்டையும் மேசையில் வைத்து, முடியும் தேதியையும் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஊர்களின் வரிசையை அதற்குக் கீழே எழுதுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டையோ ஹோட்டலையோ விசா கைக்கு வரும் வரை தொடாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி காட்டினாலும் சரி.