வாயைக் கட்டினால் மட்டும் போதுமா, சார்?

எங்கள் ஆபீஸில் ஒரு நண்பர். மூன்று மாசம் அரை வயிறு சாப்பிட்டு, எட்டு கிலோ இறக்கினார். ஒரே வருஷம்... ஒன்பது கிலோ ஏறிவிட்டது! கேன்டீனில், ''என்ன சார், டயட் பஜ்ஜியா?'' என்று முதலில் கேலி செய்தவன் நான்தான். அப்புறம்தான் இந்தப் பசி விவகாரத்தைப் படித்தேன். கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

மூளையின் அடியில், பாதாம் பருப்பு சைஸில் உட்கார்ந்திருக்கிறது ஹைப்போதலாமஸ். சாப்பாட்டு இலாகா இதன் பொறுப்பு. இங்கே நரம்பு செல்களில் இரண்டு கோஷ்டி. ஒன்று, 'இன்னும் போடு' கட்சி. மற்றது, 'போதும், கையைக் கழுவு' கட்சி. எந்தக் கட்சியின் கை ஓங்கும் என்பது ரத்தத்தில் வரும் தபாலைப் பொறுத்தது. அந்தத் தபால்தான் ஹார்மோன்.

காலி வயிறு அனுப்புவது கிரெலின். 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கினால் ஏறும்; சாப்பிட்டதும் இறங்கும். சாப்பாடு உள்ளே போனதும் குடலிலிருந்து ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் 'சரக்கு வந்து சேர்ந்தது' என்று தகவல் அனுப்பும். அது போய்ச் சேரக் கொஞ்ச நேரமாகும். அவசரமாக அள்ளிப் போட்டால், தபால் வருவதற்குள் பரோட்டா நாலாகிவிடும்!

மூன்றாவது தபால், கொழுப்பிலிருந்து. அதைக் கண்டுபிடித்தது ஒரு விபரீதக் கதை. அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் 1949-ல் ஒரு குண்டு எலி ரகம் தலைகாட்டியது. பின்னால் இன்னொரு குண்டு ரகமும் வந்தது. டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி, குண்டு எலியையும் சாதா எலியையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, ரத்தம் கலக்கும்படி செய்தார். முதல் ரகக் குண்டு எலி, தீனியைக் குறைத்து இளைத்தது. இரண்டாவது ரகம் அசையவே இல்லை. அதோடு ஒட்டியிருந்த சாதா எலிதான் சாப்பிட மறந்து, பட்டினியில் செத்தது!

கோல்மன் சொன்ன விளக்கம்: 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது. முதல் எலிக்கு அந்தத் தபாலை எழுதத் தெரியாது. இரண்டாவது எலிக்கு எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது. படிக்காத தபாலெல்லாம் பக்கத்து எலிக்குப் போய், அதன் உயிரை வாங்கிவிட்டது.

1994-ல் நியூயார்க்கில், ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு அதற்கான ஜீனைப் பிடித்தது. ஹார்மோனுக்கு வைத்த பெயர் லெப்டின். கிரேக்க மொழியில் 'லெப்டோஸ்' என்றால் ஒல்லி.

1997-ல் இங்கிலாந்தில், லெப்டினே சுரக்காத ஒரு சிறுமியைப் பற்றி டாக்டர்கள் எழுதினார்கள். எட்டு வயசு... 86 கிலோ! லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கி, எடை இறங்கியது. அதுவரை அந்தக் குழந்தையை எத்தனை பேர் 'தின்னிப் பண்டாரம்' என்று நினைத்தார்களோ!

''அப்ப எனக்கும் ஒரு ஊசி போடுங்க'' என்கிறீர்களா? பலிக்காது. குண்டாக இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு லெப்டின் ஏகப்பட்டது இருக்கிறது. மூளைதான் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் பட்டினி கிடந்து இளைத்தால் கொழுப்பு கரைந்து, லெப்டின் சரியும். அது மட்டும் உடனே காதில் விழும்! 'ஐயோ, பஞ்சம்!' என்று மூளை பசியைக் கூட்டும். உடம்பின் செலவைக் குறைக்கும். நண்பரின் ஒன்பது கிலோ ரகசியம் புரிகிறதா?

இன்றைய செமாக்ளூடைட் ஊசி, ஜிஎல்பி-1 தபாலுக்கு ஒரு போலி. வேலை செய்கிறது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வருகிறது. டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு: தூக்கம். 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி தலா நாலு மணி நேரமே படுக்கவிட்டார்கள். நன்றாகத் தூங்கவிட்டபோது இருந்ததைவிட லெப்டின் 18 சதவிகிதம் குறைவு. கிரெலின் 28 சதவிகிதம் அதிகம். ராத்திரி இரண்டு மணி வரை செல்போனைத் தேய்ப்பவர்கள் கவனிக்க!

மறுநாள் நண்பரிடம் ''ஸாரி சார்'' என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ''என் மேல தப்பில்லைங்கறதை மூணு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா, நிம்மதியா தூங்கியிருப்பேனே...'' என்றவர், தட்டிலிருந்த பஜ்ஜியில் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

மணி மூன்றரை. என் கிரெலின் மறுக்கவில்லை!