புது காரில் கண்ணில் படாத ஐந்து

பனமலை தாளகிரீசுவரர் கோயிலுக்கு மலையேறி வந்தும் பலர், இராசசிம்மப் பல்லவன் காலத்து உமையின் ஓவியத்தைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள். வடபுறச் சிற்றாலயச் சுவரில்தான் இருக்கிறது. யாராவது கை காட்டினால்தான் தெரியும். புது காரும் அப்படித்தான். பூசை போட்டுக் கிளம்பும் அவசரத்தில் நாம் கவனிக்காமல் விடும் ஐந்து இதோ.

பெட்ரோல் அம்பு: பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் பங்க் படமும், அதையொட்டிச் சின்ன முக்கோணமும் இருக்கும். அது காட்டும் பக்கத்தில்தான் டேங்க் மூடி. ஃபோர்டு ஊழியர் ஜிம் மாய்லன் 1986-ல் மழை நாளில் காரைத் தப்பான பக்கம் நிறுத்தி, பெட்ரோல் போடுவதற்குள் நனைந்துபோனார். அன்றே இந்த யோசனையை எழுதிக் கொடுத்தார். 1989 மாடல்களில் வந்த அம்பு, இன்று பெரும்பாலான கார்களில் உண்டு.

ஹெட்லைட் திருகு: பல கார்களில் ஸ்டியரிங்குக்கு அருகே 0, 1, 2, 3 என்று எண் போட்ட திருகு ஒன்று இருக்கும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய அரிசி மூட்டை என்றால் காரின் பின்பக்கம் தாழும்; முன்பக்கம் நிமிரும். விழுப்புரம் ரோட்டில் எதிரே மொபெட்டில் வருபவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கும். எண்ணைக் கூட்டுங்கள், வெளிச்சம் தரைக்கு இறங்கும். எதிரே வருபவரின் உயிர் சம்பந்தப்பட்டது இது.

உள்கண்ணாடியின் காது: பின்னால் வரும் லாரியின் விளக்கு கூசினால், கண்ணாடிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் காதைத் தட்டுங்கள். கண்ணாடி ஆப்பு வடிவில் இருப்பதால், கோணம் மாறியதும் மங்கலான பிம்பம் மட்டுமே கண்ணுக்கு வரும்.

உள்காற்று பொத்தான்: கார் படத்துக்குள் வளைந்த அம்பு. கரும்பு டிராக்டரின் புழுதிக்குப் பின்னால் மாட்டினால் அழுத்துங்கள். வெளிக்காற்று உள்ளே வராது. புழுதி தாண்டியதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். நெடுநேரம் அடைத்து வைத்தால் காருக்குள் கரியமில வாயு சேர்ந்து தூக்கம் சொக்கும்.

கதவோரச் சீட்டு: பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும். ஆள் குறைவாக இருந்தால் டயரில் எவ்வளவு காற்று, முழு பாரத்துக்கு எவ்வளவு என்று அதில் அச்சிட்டிருக்கும். டயர் பக்கவாட்டிலும் நான்கு இலக்கம் பாருங்கள்: 2324 என்றால் 2024-ன் 23-ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னியிலும் பார்த்துவிடுங்கள்.

எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றுவதற்கு முன், நிழலில் காரை நிறுத்தி அரை மணி நேரம் இவற்றைத் தொட்டுப் பாருங்கள். வீட்டில் வேறு யார் ஓட்டினாலும், அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டிவிடுங்கள்.