வாடகை ஜெராக்ஸ் மிஷினுக்குள்ள என்ன இருக்கு?

பழைய கம்ப்யூட்டரைக் கழிச்சுக் கட்டும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கவனிக்கணும்னு ஓரளவு எல்லாருக்கும் தெரியும். ஜெராக்ஸ் மிஷினைப் பற்றி யாரும் யோசிக்கிறதில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் கருவிகளைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த அமெரிக்கச் சம்பவம்தான்.

2010-இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் செய்திக் குழு நியூ ஜெர்சியில் ஒரு கிடங்கிலிருந்து பழைய நகல் மிஷின்கள் நான்கை வாங்கியது. ஒவ்வொன்றும் சுமார் 300 டாலர். உள்ளே இருந்த டிஸ்க்குகளைக் கழற்றி, இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள் ஒன்றை ஓடவிட்டார்கள். பல்லாயிரக்கணக்கான ஆவணங்கள் வந்து விழுந்தன. இரண்டு மிஷின்கள் பஃபலோ நகரக் காவல் துறையில் இருந்தவை. ஒன்றில் குடும்ப வன்முறைப் புகார்கள். இன்னொன்றில் போதைப்பொருள் சோதனைக்குக் குறிவைக்கப்பட்டவர்களின் பட்டியல். வேறொரு மிஷின், நியூயார்க்கின் அஃபினிட்டி ஹெல்த் ப்ளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு வைத்திருந்தது. அதில் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள் 300 பக்கம்.

எப்படி இது? அலுவலகங்களில் இருக்கிற பெரிய டிஜிட்டல் மிஷின் உண்மையில் ஒரு கம்ப்யூட்டர். காகிதத்தை ஸ்கேன் பண்ணி, படமாக டிஸ்க்கில் வைத்து, அதிலிருந்துதான் அச்சடிக்கிறது. வேலை முடிந்ததும் அழித்துவிடுமே என்று கேட்கலாம். சாதாரணமாக அழிப்பது என்றால் 'இந்த இடம் காலி' என்று குறித்து வைப்பது மட்டும்தான். புத்தகத்தில் பொருளடக்கத்தைக் கிழித்துப் போட்ட மாதிரி. அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய பக்கம் அப்படியே கிடக்கும்.

2013-இல் அஃபினிட்டி 12,15,780 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று நிறுவனமே மதிப்பிட்டிருந்தது. இத்தனைக்கும் எந்த ஹேக்கரும் உள்ளே வரலை. வாடகை முடிந்தது, மிஷினைத் திருப்பிக் கொடுத்தாங்க, அவ்வளவுதான். எங்கெல்லாம் தகவல் தங்கும் என்று கணக்கெடுத்தபோது நகல் மிஷினின் டிஸ்க் அந்தக் கணக்கில் வரவில்லை.

அப்போ என்ன பண்ணலாம்?

வாடகை ஒப்பந்தம் போடும்போதே டிஸ்க் யாருக்கு என்று எழுதிவிடுங்கள். மிஷின் வந்த அன்றைக்கே, குறியாக்கம், வேலை முடிந்ததும் மேலெழுதி அழிக்கும் வசதி இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து இயக்கி வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது டிஸ்க்கை முழுசாக மேலெழுதுங்கள், இல்லாவிட்டால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி என்றால் மேலெழுதுவதை மட்டும் நம்ப முடியாது. அது எழுதும் இடத்தை உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொண்டிருக்கும். அதற்கு அதன் சொந்த அழிப்புக் கட்டளையைத்தான் பயன்படுத்தணும். பழுதாகி இயங்காத டிஸ்க் என்றால் உடைத்துத் தூளாக்குவதே வழி. எந்த வரிசை எண் டிஸ்க்கை, யார், என்றைக்கு அழித்தார்கள் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பஃபலோவில் புகார் கொடுத்தவர்கள் அந்த மிஷினைத் தொட்டதுகூட இல்லை. அவங்க காகிதத்துக்குப் பொறுப்பு, அதை நகலெடுத்த அலுவலகத்துக்குத்தான். உங்க ஆஃபீஸ் மிஷினில் டிஸ்க் இருக்கான்னு நாளைக்கே அந்த டெக்னீஷியனிடம் கேட்டுப் பாருங்களேன்.