உயிரணுவுக்குள் ஒரு விளக்கு: ஒளிர்வு அறிவியல் நமக்குத் தந்தது என்ன?

கொரோனா காலத்தில் நம்மில் பலருக்கும் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். ஓரிரு நாளில் 'பாசிட்டிவ்' அல்லது 'நெகட்டிவ்' என்று முடிவு வந்தது. ஆர்.டி.பி.சி.ஆர். என்ற பெயர் வீட்டுப் பெரியவர்களின் வாயிலும் புழங்கத் தொடங்கியது. அந்தக் கருவி எதைப் பார்த்து முடிவைச் சொன்னது? வைரஸை அது நேரில் பார்க்கவில்லை. ஒரு சிறு வெளிச்சத்தைப் பார்த்தது, அவ்வளவுதான்.

அந்த வெளிச்சத்துக்கு ஃப்ளோரசென்ஸ் என்று பெயர். தமிழில் ஒளிர்வு எனலாம். இன்றைய உயிரியல் ஆய்வும் நோய்க் கண்டறிதலும் பெருமளவு இதை நம்பியே நடக்கின்றன.

ஒளிர்வு என்றால் என்ன?

கடைகளில் ரூபாய் நோட்டை ஊதா விளக்கின் கீழ் காட்டிச் சோதிப்பதைப் பார்த்திருப்போம். நோட்டின் எண்கள் பளிச்சென்று ஒளிரும். அந்த மை, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உள்வாங்குகிறது. அதன் சக்தியில் சிறிது குறைந்துபோக, மீதியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியே விடுகிறது. விளக்கை அணைத்தால் ஒளிர்வும் நின்றுவிடும். டியூப்லைட்டின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி செய்வதும் இதே வேலைதான்.

மின்மினிப் பூச்சி வேறு வகை. அது தன் உடலில் நடக்கும் வேதிவினையால் தானே ஒளியை உண்டாக்குகிறது. ஒளிரும் பொருளோ வாங்கிய ஒளியை நிறம் மாற்றித் திருப்பித் தருகிறது. 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் இதை விளக்கி, ஃப்ளோரசென்ஸ் என்று பெயரும் சூட்டினார்.

இந்த நிற மாற்றம்தான் ஆய்வாளருக்குக் கைகொடுக்கிறது. நீல ஒளியைச் செலுத்திவிட்டு, திரும்பி வருவதில் நீலத்தை வடிகட்டித் தடுத்துவிட்டால், ஒளிரும் பொருள் மட்டும் கருமைக்கு நடுவே தெரியும். பகலில் தெரியாத விண்மீன் இரவில் தெரிவதைப் போல.

பரிசோதனைக் கூடத்தில்

ஆர்.டி.பி.சி.ஆர். முறையில் வைரஸின் ஆர்.என்.ஏ. முதலில் டி.என்.ஏ.வாக மாற்றப்படுகிறது. பிறகு அதன் ஒரு பகுதி சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கப்படுகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்று முடியும்போது 100 கோடியைத் தாண்டிவிடும். இதோடு ஒரு சிறு டி.என்.ஏ. துண்டையும் சேர்க்கிறார்கள். அதன் ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அந்த ஒளியை அடக்கி வைக்கும் பொருள். வைரஸின் மரபுப் பகுதி இருந்தால் இந்தத் துண்டு அதில் போய் ஒட்டும். நகலெடுக்கும்போது அது அறுபட, சாயம் விடுபட்டு ஒளிரும். எத்தனையாவது சுற்றில் ஒளி குறிப்பிட்ட அளவைத் தாண்டியது என்பதே அறிக்கையில் காணும் 'சி.டி.' மதிப்பு. எண் குறைவாக இருந்தால் அந்த மாதிரியில் வைரஸின் மரபுப்பொருள் அதிகம் என்று பொருள்.

காசநோயிலும் இதே வழிதான். அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்று சொல்லப்படும் பரிசோதனை, சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது கட்டுப்படுமா என்ற இரண்டையும் சுமார் 2 மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. இதில் உள்ள ஒளிரும் துண்டுகள், மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியின் மரபு வரிசையோடு மட்டும் பொருந்தும்படி செய்யப்பட்டவை. கிருமி மாறியிருந்தால் ஏதேனும் ஒரு நிறம் வராது, அல்லது தாமதமாக வரும். வரவேண்டிய ஒளி வராததே இங்கே செய்தி.

இந்த வேகம் சாதாரணமானதல்ல. முன்பு கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, மருந்து வேலை செய்கிறதா என்று அறிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நோயாளி பலனில்லாத மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பார்; வீட்டிலுள்ளோருக்கும் நோய் பரவும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் தயங்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம்.

கடலிலிருந்து வந்த விளக்கு

மேலே சொன்னவை உடலிலிருந்து எடுத்த மாதிரியில் செய்பவை. உயிருள்ள அணுவுக்குள் நடப்பதை அதைக் கொல்லாமல் பார்ப்பது எப்படி? இதற்கு விடை ஒரு ஜெல்லி மீனிலிருந்து கிடைத்தது. நம் கடற்கரை ஊர்களில் சொறி என்கிறார்களே, அந்த இனம்தான்.

ஒசாமு ஷிமொமுரா ஜப்பானியர். 1945-இல் நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது நகருக்குச் சற்றுத் தொலைவில் இருந்த 16 வயதுச் சிறுவர். அந்த வெளிச்சத்தில் சிறிது நேரம் கண் தெரியாமல் போனவர். 1961-இல் அமெரிக்காவின் ஃபிரைடே ஹார்பர் என்ற கடலோர ஊரில், ஒரு வகை ஜெல்லி மீன் ஏன் ஒளிர்கிறது என்று ஆராய்ந்தார். பலமுறை தோற்று, ஒருநாள் எடுத்த சாற்றைத் தொட்டியில் கொட்டினார். உடனே தொட்டி பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. அதில் இருந்த கடல்நீரின் கால்சியமே காரணம் என்று கண்டார்.

அந்த நீல ஒளியை வாங்கிப் பச்சையாக மாற்றித் தரும் இன்னொரு புரதமும் அதே மீனில் இருந்தது. அதுவே ஜி.எஃப்.பி. எனப்படும் பச்சை ஒளிர் புரதம். ஆய்வுக்காகப் பல கோடைகளில் மனைவி மக்களோடு வலை பிடித்து அவர் சேகரித்த மீன்கள் 8 லட்சத்துக்கும் மேல்.

1992-இல் டக்ளஸ் பிராஷர் இந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார். 1994-இல் மார்ட்டின் சால்ஃபி அதைப் பாக்டீரியாவிலும் சிறு புழுவின் நரம்பணுக்களிலும் ஒளிரச் செய்தார். ரோஜர் சியன் அதை மாற்றியமைத்துப் பிரகாசத்தைக் கூட்டி, வேறு நிறங்களையும் உருவாக்கினார். ஒரு புரதத்தின் மரபணுவோடு இதைக் கோத்துவிட்டால், அந்தப் புரதம் எங்கே போகிறது, எப்போது உருவாகிறது என்று உயிருள்ள அணுவிலேயே பார்க்கலாம். புற்றணு எலியின் உடலில் எப்படிப் பரவுகிறது, நரம்பு எப்படி வளர்கிறது என்பதையெல்லாம் இப்படித்தான் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஷிமொமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் 2008-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பிராஷர்? ஆய்வுக்கான நிதி நின்றுபோனதால் மரபணுவை மற்ற இருவருக்கும் கொடுத்துவிட்டு அவர் அந்த ஆய்விலிருந்து விலகியிருந்தார். நோபல் அறிவிக்கப்பட்டபோது அலபாமா மாநிலத்தில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியனும் தங்கள் செலவில் அவரைப் பரிசளிப்பு விழாவுக்கு அழைத்தார்கள்.

'ஜெல்லி மீன் ஏன் ஒளிர்கிறது' என்ற கேள்விக்கு 1961-இல் எந்த லாபமும் தெரியவில்லை. நம் வீட்டுப் பிள்ளை உயிரியலோ வேதியியலோ படிக்கப் போகிறேன் என்றால், "இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்பதே நம் முதல் கேள்வியாக இருக்கிறது. பிழைப்பைப் பற்றிய அந்தக் கவலை நியாயமானது. பிராஷரின் கதையே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு நாம் நிறுத்திவிட வேண்டாம். "உனக்கு எதைத் தெரிந்துகொள்ள ஆசை?" என்றும் பிள்ளையிடம் கேட்போம். படிப்பு உதவி வழங்கும் நம் அமைப்புகளும் ஆராய்ச்சிப் படிப்புக்கென்று ஒரு பங்கை ஒதுக்கட்டும்.