இலையுதிர் காலத்து ஓட்டம்

'இலையுதிர் காலம்' என்னும் தொடரைச் சிங்கையிலோ கோலாலம்பூரிலோ பாடஞ்சொல்லும் தமிழாசிரியர், சன்னலுக்கு வெளியே கைந்நீட்டி, "அதோ, இதுதான்" என்று மாணவர்க்குக் காட்டுதல் இயலாது. தோட்டப்புறத்துப் பிள்ளைகள் மட்டும் ரப்பர் மரம் ஆண்டுக்கொருமுறை இலைசிவந்து உதிர்வதைக் கண்டிருப்பர். ஆயின் அவ்வுதிர்வு வறட்சியைச் சார்ந்தது. குளிருக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனவே இத்தொடர் பெரும்பாலும் கதைகளின் வழியாகவே மாணவரை வந்தடைகிறது. கதைகளிலோ அது மூப்புக்கும் பிரிவுக்கும் உவமையாக நிற்கின்றது. இங்கிலாந்து போன்ற நாடுகளில் நாள்தோறும் வெளியில் ஓடிப் பழகியவரைக் கேட்டால் முற்றும் மாறான விடையே கிடைக்கும். ஆண்டில் உடல் மிகச் செம்மையாக இயங்கும் பருவம் அதுவே என்பர் அவர்.

இப்பருவத்தைக் 'கூதிர்' என்று பெயர்த்தாலென்ன என்று கேட்போர் உளர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்குரிய திங்கள்கள். மேலைநாட்டு இலையுதிர் காலமோ செப்டம்பர் முதல் நவம்பர் வரை. காலம் ஓரளவு ஒத்து வரினும் இயல்பு ஒவ்வாது. கூதிர் மழையும் வாடையும் கலந்த பொழுது. நெடுநல்வாடையில் வரும் கோவலர் தீயில் கை காய்ந்தும் நடுக்கம் தீராதிருக்கின்றனர். அவர்களை ஓடச்சொன்னால் யாரும் எழார்! ஆதலின் 'இலையுதிர் காலம்' என்ற விளக்கத்தொடரே பொருந்துவதாகும்.

இலண்டன் நகரின் தென்மேற்கில் உள்ள ரிச்மண்டு பூங்காவை எடுத்துக்கொள்வோம். 2,300 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடையது அது. முதலாம் சார்லசு மன்னன் 1637-இல் அங்கே மான்களைக் கொணர்ந்து விட்டான். இன்றும் அறுநூறு மான்களுக்குக் குறையாமல் அங்குத் திரிகின்றன. அக்டோபர்த் திங்களின் காலைப் பொழுதில் புல்வெளிமேல் மூடுபனி படிந்திருக்கும். பெரணிச் செடிகள் துருவேறிய இரும்பின் நிறங்கொண்டு நிற்கும். அது மான்கள் இணைசேரும் பருவமாதலின், கலைமான்கள் பனிக்குள்ளிருந்து அடித்தொண்டையால் உறுமும். ஓடுவோர் அவற்றுக்கு ஐம்பது மீட்டர் தொலைவேனும் விலகிச் செல்லவேண்டும் என்பது விதி. முதல் ஐந்து நிமிடங்களை இன்பம் என்று சொல்ல வாயெழாது. காதும் விரல்களும் குளிரால் நோகும். பின்னர் உடல் அகத்தே வெம்மை கொள்ளும், மூச்சு ஒழுங்குபடும், அதுவரை பகையாக இருந்த குளிர் துணையாகிவிடும்.

அஃது எவ்வாறு? ஓடுகிறவன் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இயக்கமாகின்றது. எஞ்சிய முக்காற் பங்கும் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்றாவிடில் உடல் தாங்காது. ஆகவே குருதியின் ஒரு பகுதி தசைகளைவிட்டுத் தோலை நோக்கிப் பாய்கிறது, வியர்வை சுரக்கிறது. வியர்வை வழிவதனால் உடல் குளிர்வதில்லை, அது ஆவியாவதனாலேயே குளிர்கிறது. விடியற்காலையிலும் ஈரப்பதம் நூற்றுக்கு 90 அளவில் நிற்கும் சிங்கையில் வியர்வை சொட்டுகிறதேயன்றி எளிதில் ஆவியாவதில்லை. அதனால் இதயம் இருமடங்கு பணி செய்வதுபோல் தோன்றும். வெப்பம் பத்துப் பாகை அளவில் உள்ள இடத்திலோ காற்றே உடலின் வெம்மையைக் கவர்ந்து செல்கிறது. குருதி தசைகளுக்கே மிகுதியும் பயன்படுகிறது. அதே கால்கள், அதே மூச்சு. விரைவு மட்டும் கூடுகின்றது. கோடை முழுதும் வெயிலில் ஓடிப் பழகியவனுக்கு இது தான் உழைத்ததற்குக் கிடைத்த கூலியாகவே படும்.

பெரிய மாரத்தான் பந்தயங்கள் பல இப்பருவத்தில் அமைந்திருப்பது வியப்பன்று. எலியூட் கிப்சோகே 2022 செப்டம்பர் 25-ஆம் நாள் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 நொடியில் ஓடினார். அதனையும் வென்று, கெல்வின் கிப்தும் 2023 அக்டோபர் 8-ஆம் நாள் சிகாகோவில் 2 மணி 35 நொடியில் ஓடி முடித்தார். இருவரும் கென்ய நாட்டினர். அவ்விரு நேரங்களும் அவ்வந்நாளில் முறையான உலகச் சாதனைகளாயின.

இனி, காலடியில் கிடக்கும் இலைகள். பகல் குறுகக் குறுக மரம் தன் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதன் சத்தை உள்ளிழுத்துக்கொள்கிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்போ பெரும்பாலும் அவ்வேளையில் புதிதாக உண்டாவது. காம்பின் அடியில் மெல்லிய தடுப்பு வளர்ந்து இலை கழன்று வீழ்கிறது. உலர்ந்த இலைமேல் ஓடுவது செவிக்கு இனிது. நனைந்த இலையோ வாழைப்பழத்தோல் போல வழுக்கும், வேர்களையும் மறைக்கும். அக்டோபர் இறுதி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியபின், மாலை ஐந்து மணிக்குள் இலண்டனில் இருட்டிவிடும். அலுவல் முடிந்து ஓடுவோர்க்கு வெளிச்சம் அத்துடன் சரி.

இவ்வோட்டத்துக்கு மலேசியத் தொடர்பும் ஒன்றுண்டு. ஆங்கிலப் பள்ளிகளில் 'முயலும் வேட்டைநாய்களும்' என்றொரு விளையாட்டு வழங்கியது. முயலாக நிற்பவர் காகிதத் துண்டுகளைச் சிந்திக்கொண்டு முன்னே ஓட, ஏனையோர் தடம்பற்றித் துரத்துவர். ரிச்மண்டுக்கு அணித்தான விம்பிள்டன் திடலில், படகுக் கழகத்தார் சிலர் குளிர்காலப் பயிற்சிக்கென இதே பெயரில் 1868-இல் ஓட்டக்கழகம் கண்டனர். அவ்விளையாட்டை 1938-இல் கோலாலம்பூரில் தொடங்கியவருள் முதல்வர் ஜிஸ்பர்ட் என்பார். 'ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்' என அது பெயர்பெற்றது. அவர் 1942-இல் சிங்கப்பூர்ப் போரில் உயிர்நீத்தார். போருக்குப்பின் தோழர்கள் ஓட்டத்தை மீண்டும் தொடங்கினர். காகிதத் தடத்தைக் கொணர்ந்த அவர்களால் பருவத்தைக் கொணர முடியவில்லை. எனவே வெயில் சாய்ந்த மாலை வேளையைத் தேர்ந்து, ரப்பர்த் தோட்டங்களினூடே ஓடினர்.