பீடத்தின் அப்பமும் வீட்டின் பந்தியும்



ஞாயிறு திருப்பலியில் நாம் ஒரே வரிசையில் சென்று ஒரே அப்பத்தை உட்கொள்கின்றோம். நமக்கு முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் ஆலய வாசலைக் கடந்து இல்லம் திரும்பிய பின், நமது மதியப் பந்தியில் அமர்வோர் யார், அமர முடியாதோர் யார் என்று சிந்தித்ததுண்டா?

பாவிகளை வரவேற்று அவர்களோடு உண்கின்றார் என்பதே பரிசேயர் இயேசுவின்மீது சுமத்திய குற்றச்சாட்டு (லூக் 15:2). வரிதண்டுவோரின் தலைவரான சக்கேயுவின் வீட்டில் அவர் விருந்தினராகத் தங்கினார். அவர் உயிர்த்தெழுந்த பின் எம்மாவு நோக்கிச் சென்ற சீடர் இருவர், வழிநெடுக அவரது மறைநூல் விளக்கத்தைக் கேட்டும் அவரை அறியவில்லை. பந்தியில் அவர் அப்பத்தைப் பிட்டபோதே கண்டுகொண்டனர்.

தொடக்கத் திருச்சபையும் பந்தியிலேதான் சோதிக்கப்பட்டது. அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு கூடி உண்டுவந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சி விலகிக்கொண்டார். பவுலடிகளார் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார் (கலா 2:11-14). பந்தியிலிருந்து சகோதரனை விலக்குவது நற்செய்தியின் உண்மைக்கே முரணானது என்பது அவரது துணிபு.

கொரிந்திலும் இதே நோய் வேறு வடிவில் தோன்றியது. ஆண்டவரின் திருவிருந்துக்கெனக் கூடியவர்களுள் சிலர் முந்திக்கொண்டு வயிறார உண்டு குடித்தனர்; இல்லாதோர் பசியோடு வெட்கி நின்றனர். இப்படி உண்பது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்று ஏறத்தாழ கி.பி. 55இல் பவுல் அவர்களுக்கு எழுதினார் (1 கொரி 11:17-34). நற்கருணை ஏற்படுத்தப்பட்ட வரலாற்றை அவர் எடுத்துரைப்பதும் இக்கண்டனத்தின் நடுவிலேதான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நமது மண்ணின் நிலை என்ன? யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் வீட்டாருக்குச் செம்பும் மூக்குப்பேணியும், ஒடுக்கப்பட்டோருக்குச் சிரட்டையும் எனத் தண்ணீர்கூடப் பிரித்தே வழங்கப்பட்டது. 1924இல் உருவான யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்ற இயக்கங்கள் சாதி வேற்றுமையை எதிர்த்துக் குரல் கொடுத்தன. செபமாலை ஒலித்த இல்லங்களும் அக்கொடுமைக்கு முற்றிலும் விலக்காக இருக்கவில்லை என்பதை வேதனையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இன்று சிரட்டை மறைந்துவிட்டது. ஆனால் நமது குசினியின் மூலையில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்ட பேணி ஒன்று இன்னும் உண்டா? வேலி அடைக்க வந்தவருக்கு முற்றத்தில் சோறு போட்டுவிட்டு நாம் உள்ளே அமர்ந்து உண்கின்றோமா? அருகிலிருந்து பார்க்கும் நமது பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்கின்றார்கள்? மறைக்கல்வி வகுப்பில் கேட்டதை அவர்கள் மறக்கலாம். வீட்டுப் பந்தியில் கண்டதை மறக்கமாட்டார்கள்.

விருந்தளிக்கும்போது, கைம்மாறு செய்ய இயலாத ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் அழையுங்கள் என்றார் இயேசு (லூக் 14:12-14). அத்தகையோரைத் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு சென்றுவிட, ஒருவருக்காக மட்டும் அடுப்பு மூட்ட மனமின்றிப் பாணும் தேநீருமாக நாளைக் கழிக்கும் முதியவர்கள் நமது ஒழுங்கையிலேயே இருக்கின்றார்கள். அவர்களுக்குப் பணம் வருகின்றது. பக்கத்தில் அமர்ந்து உண்ண ஆள் இல்லை.

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித யுஸ்தீன், கூட்டத்துக்கு வர இயலாதோருக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டு சென்றனர் என்று எழுதியுள்ளார். வராதவரையும் மறவாத பந்தியே கிறிஸ்துவின் பந்தி.

அன்பார்ந்தவர்களே, வரும் ஞாயிறன்று உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுங்கள். இதுவரை உங்கள் வீட்டினுள் அமர்ந்து உண்ணாத ஒருவரை அழையுங்கள். உங்கள் பாத்திரத்திலேயே பரிமாறி, அவரருகில் அமர்ந்து உண்ணுங்கள். அதன்பின் பீடத்தை அணுகும்போது, நாம் சொல்லும் 'ஆமென்' உண்மையுள்ள ஆமென் ஆகும்.