சாமி மலையேறும் நேரம்

எதற்கும் பதறாமல் நிதானமாக இருப்பவரை ஆங்கிலத்தில் 'செல்ஃப் பொசெஸ்ட்' என்பார்கள். பேய் பிடித்தவர் வெறும் 'பொசெஸ்ட்'. தன்னைத் தானே ஆண்டால் நிதானம், இன்னொன்று ஆண்டால் பிடிப்பு என்பது அந்தக் கணக்கு. தன்வசம், பரவசம் என்று தமிழிலும் அதே ஜோடி உண்டு; ஆனால் பரவசத்தை நாம் ஆனந்தத்துக்கு வைத்துக்கொண்டோம், அச்சத்துக்கு அல்ல. அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், ஏரியூர்ப் பக்கத்து அம்மன் திருவிழாக்களில் அருள் வந்து ஆடுவதைக் கவனித்தால், நிதானமும் பிடிப்பும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பது விளங்கும். அங்கே பிடிப்புக்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது.

சாமி கண்ட நேரத்தில் வருவதில்லை. பம்பையும் உடுக்கையும் அடித்து அழைக்க வேண்டும். உடம்பு நடுங்கி, தலைமுடி அவிழ்ந்ததும் இரண்டு பேர் பின்னால் போய்த் தாங்கிக்கொள்வார்கள். "வந்திருக்கறது யாரு தாயி, சொல்லு" என்று பூசாரி கேட்பார். வந்தது தன் பெயரைச் சொல்ல வேண்டும். என்ன குறை என்று சொல்ல வேண்டும். குறி கேட்பவர்களுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். கடைசியில் கற்பூரம் காட்டித் திருநீறு போட்டால் சாமி மலையேறிவிடும். ஆடியவர் முடியை முடிந்துகொண்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் பந்தி வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அழைப்பதற்கு, விசாரிப்பதற்கு, அனுப்புவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. தன்வசம் இழந்தவரை அந்த நேரத்துக்கு ஊரே தன் வசத்தில் வைத்திருக்கிறது.

அப்படியானால் இது நடிப்புதானே என்று கேட்கலாம். முறை இருப்பதாலேயே பொய் என்று சொல்லிவிட முடியாது. இரணியன் கூத்தில் நரசிம்ம வேடம் கட்டியவர் வசனத்தை மனப்பாடம் செய்தவர்தான், அடவு பயின்றவர்தான். ஆனாலும் தூணைப் பிளந்து வரும் கட்டத்தில் ஆவேசம் மிஞ்சி இரணியன் வேடக்காரரைக் காயப்படுத்திவிடக் கூடாது என்று அவரை ஆட்கள் இறுகப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. நடிப்பு என்று நம்பியிருந்தால் பிடிக்க ஆள் எதற்கு? பொய்யாக ஆடுபவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களை முதலில் கண்டுபிடித்துச் சிரிப்பதும் ஊர்க்காரர்கள்தான்.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: மனநோயாளிக்குப் பேய் என்று பெயர் வைத்து வைத்தியத்தைத் தடுக்கிறார்களே? இதை ஒதுக்கிவிட முடியாது. பேய் ஓட்டவென்று மனநோயாளிகளைத் தர்காவுக்குக் கொண்டுவரும் ஊரான ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி மாண்டார்கள். இறந்தவர்கள் 28 பேர். அங்கே அழைப்பும் இல்லை, அனுப்புதலும் இல்லை, பூட்டு மட்டும்தான். மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

முறையோடு வரும் ஆட்டத்துக்கும் நோய்க்கும் நடுவே மருத்துவமும் கோடு போடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு, ஆவி பிடிப்பதை எடுத்த எடுப்பில் நோய் என்று சொல்லவில்லை. அது விருப்பமில்லாமல் வர வேண்டும், ஊரார் ஏற்ற சமய வழக்கத்துக்கு வெளியே இருக்க வேண்டும், வாழ்க்கையைக் குலைக்க வேண்டும், அப்போதுதான் நோய். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆய்வாளர்கள் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சராசரி ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. சிறிய ஆய்வு, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. ஆகவே கோயில் போதும், மாத்திரை வேண்டாம் என்று யாரும் இதைக் காட்டிப் பேச முடியாது. ஆனால் கட்டாமல், அடிக்காமல், ஆதரவாக வைத்திருந்தாலே ஒருவர் ஓரளவு தேறக்கூடும் என்று நினைக்க இது இடம் தருகிறது. திருவிழா முடிந்தும் மலையேறாத சாமியை, யார் என்று கேட்டும் பெயர் சொல்லாத பேயை, உறக்கமும் சோறும் இல்லாமல் மாதக்கணக்கில் நீளும் ஆட்டத்தை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்ல வேண்டியவர் அந்தப் பூசாரிதான். வழக்கமான ஆட்டம் எது, எது இல்லை என்று அவரைவிட விரைவாகக் கண்டுபிடிக்க ஊரில் வேறு ஆள் கிடையாது.